சுதந்திரப் பிரகடனமா, அரசியலமைப்பா: அமெரிக்காவில் எது சட்டம்?

குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். விடைகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் சுதந்திரப் பிரகடனம், அரசியலமைப்புச் சட்டம், உரிமைகள் சாசனம் மூன்றும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பது பிடிபடவில்லை என்கிறீர்கள். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: எல்லா மனிதரும் சமம் என்று 1776-லேயே எழுதி வைத்த நாட்டில் 1865 வரை அடிமை முறை எப்படி இருந்தது?

நேரடி விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரகடனம் சட்டம் கிடையாது. அதை மட்டும் காட்டி எந்த நீதிமன்றத்திலும் நிவாரணம் வாங்க முடியாது. 1787-ல் எழுதிய அரசியலமைப்புதான் நாட்டின் தலையாய சட்டம். உரிமைகள் சாசனம் என்பது தனிப் புத்தகம் அல்ல. அந்த அரசியலமைப்பின் முதல் 10 திருத்தங்களுக்கு வழங்கும் பெயர்.

உங்களுக்குக் குழம்புவதற்குக் காரணம், நடுவில் ஒரு கண்ணி விடுபட்டிருப்பது. பிரகடனத்துக்கும் அரசியலமைப்புக்கும் நடுவே 11 வருடம் இருக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொரு சாசனம் எழுதி, நடத்திப் பார்த்து, தோற்றுப்போனார்கள். வார இறுதிகளில் எங்கள் ஊர் நூலகத்தில் தேர்வுக்குத் தயாராகிறவர்களோடு உட்காருவது என் வழக்கம். அந்தத் தோல்விக் கதையைச் சொன்ன பிறகுதான் பலருக்கும் மற்றவை விளங்குகின்றன. ஒவ்வொரு ஆவணமும் முந்தையதில் இருந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான்.

சரி, பிரகடனத்திலிருந்து வருவோம். பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் (13 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அவை), பிரிட்டனிலிருந்து பிரிவது என்று வாக்களித்த நாள் 1776 ஜூலை 2. ஏன் பிரிகிறோம் என்று உலகத்துக்கு விளக்கும் வாசகத்தை ஏற்றுக்கொண்ட நாள் ஜூலை 4. பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. அந்தக் காங்கிரசில் உறுப்பினராக இருந்த ஜான் ஆடம்ஸ், ஜூலை 3-ம் தேதியே தன் மனைவி அபிகெயிலுக்கு எழுதிய கடிதத்தில், வருங்காலத்தில் ஜூலை 2-ஐத்தான் மக்கள் வேடிக்கையும் விளக்கொளியுமாகக் கொண்டாடுவார்கள் என்று எழுதினார். இரண்டே நாள் வித்தியாசத்தில் தவறிவிட்டது கணிப்பு.

எல்லோரும் பிரகடனத்தின் இரண்டாவது பத்தியைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்; உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை ஆகியவற்றைப் பறிக்க முடியாது; ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்துதான் அரசுக்கு அதிகாரம் பிறக்கிறது. அழகான பத்திதான். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் நீளமான நடுப்பகுதி. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீது போட்ட குற்றப்பத்திரிகை அது. 27 புகார்கள் என்று எண்ணுவார்கள். படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலை ஒரு கையிலும் அரசியலமைப்பை இன்னொரு கையிலும் வைத்துப் பாருங்கள்.

நீதிபதிகளின் பதவியும் சம்பளமும் தன் விருப்பப்படிதான் என்று மன்னர் வைத்திருந்தார் என்பது ஒரு புகார். அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவில், கூட்டாட்சி நீதிபதிகள் ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை பதவியில் இருப்பார்கள், பதவியில் இருக்கும்போது அவர்கள் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று இருக்கிறது. எங்களைக் கேட்காமல் வரி போட்டார் என்பது இன்னொரு புகார். வரி மசோதா எதுவானாலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் சபையில்தான் பிறக்க வேண்டும் என்று விதி வந்தது. அமைதிக் காலத்தில் எங்கள் சம்மதமின்றிப் படையை வைத்திருந்தார் என்றார்கள். தரைப்படைக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பணம் ஒதுக்கக் கூடாது என்று எழுதினார்கள். சட்டமன்றங்களைத் திரும்பத் திரும்பக் கலைத்தார் என்றார்கள். இன்றுவரை அமெரிக்க அதிபருக்குக் காங்கிரசைக் கலைக்கும் அதிகாரம் இல்லை. எங்கள் நடுவே சிப்பாய்களைத் தங்கவைத்தார் என்றார்கள். மூன்றாம் திருத்தம் முழுக்க அதைப் பற்றித்தான். தேர்வுக்குப் படிக்கும்போது, ‘யார் வீட்டுக்குள்ளே இன்றைக்குச் சிப்பாய் வந்து தங்கப் போகிறான், இதற்கு ஒரு திருத்தமா’ என்று தோன்றும். அவர்களுக்கு அது ஆறாத புண்.

இனி அந்த விடுபட்ட கண்ணி. பெயர் கூட்டமைப்பு விதிகள். 1777 நவம்பரில் காங்கிரஸ் ஏற்றது. 13 மாநிலங்களும் ஒப்புக்கொண்டு நடைமுறைக்கு வந்தது 1781 மார்ச் 1-ல். ஒரு மன்னரிடம் பட்டவர்கள், இன்னொரு வலுவான மைய அரசைக் கண்டாலே பயந்தார்கள். அதனால் அதிபர் இல்லை, தேசிய நீதிமன்றங்கள் இல்லை, காங்கிரசுக்கு வரி விதிக்கும் உரிமையும் இல்லை. பணம் வேண்டுமென்றால் மாநிலங்களிடம் கேட்க வேண்டும். அவை கொடுத்தால் உண்டு. பெரிய முடிவுகளுக்கு 9 மாநிலங்களின் வாக்கு, விதிகளையே மாற்ற 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீதம் தீர்வை போட அனுமதி கேட்டபோது, எல்லாவற்றிலும் சின்ன மாநிலமான ரோட் ஐலண்ட் மாட்டேன் என்றது. அத்தோடு திட்டமே படுத்துவிட்டது.

கையில் காசில்லாத அரசு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. 1783 ஜூனில், சம்பள பாக்கி கிடைக்காத சிப்பாய்கள் சில நூறு பேர் காங்கிரஸ் கூடியிருந்த பிலடெல்பியா கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பாதுகாப்புக்குப் படை அனுப்ப பென்சில்வேனியா மாநில அரசு முன்வரவில்லை. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பயந்து நியூ ஜெர்சியிலுள்ள பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தையே எதிர்த்து நின்றவர்கள்!

அப்புறம் 1786-ல் மாசசூசெட்சின் மேற்குப் பகுதி விவசாயிகள் கிளம்பினார்கள். கடனுக்கும் வரிக்கும் நிலம் ஏலம் போனதால், ஏலத்துக்கு உத்தரவிடும் நீதிமன்றங்களை மூடவைத்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ், சுதந்திரப் போரில் சண்டையிட்டவர். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக்கிடங்கை நோக்கிப் போனபோது பீரங்கியால் சுட்டுக் கலைத்தார்கள். அடக்கப் போன மாநிலப் படைக்குப் பணம் கொடுத்தவர்கள் பாஸ்டன் வணிகர்கள். மைய அரசால் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது. சொத்துள்ளவர்களுக்கு இது பெரிய கிலி. 1787 கோடையில் பிலடெல்பியா மாநாட்டுக்கு அத்தனை பேர் வந்து சேர்ந்ததற்கு இந்தக் கிலியும் ஒரு காரணம். இதை மறைத்து, நாட்டுப்பற்றால் மட்டுமே கூடினார்கள் என்று எழுதும் பாடப்புத்தகங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மாநாட்டுக்குக் கொடுத்த வேலை பழைய விதிகளைத் திருத்துவது. அவர்கள் செய்தது பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதியது. மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, வாசலில் காவலாளை நிறுத்தி ரகசியமாகப் பேசினார்கள். வெவ்வேறு நாள்களில் வந்துபோனவர்கள் மொத்தம் 55 பேர். கடைசியில் இருந்த கையெழுத்துகள் 39. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன, சிறியவை சம இடம் கேட்டன. பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி, செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு என்று ஜூலை நடுவில் சமரசம் ஆனது. செனட்டில், மக்கள்தொகையில் மிகச் சிறிய வையோமிங்குக்கும் மிகப் பெரிய கலிஃபோர்னியாவுக்கும் இன்று ஒரே எண்ணிக்கை இருப்பது இதனால்தான்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. ஜெஃபர்சன் எழுதிய பிரகடன வரைவில் அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடும் ஒரு பத்தி இருந்தது. காங்கிரஸ் அதை நீக்கிவிட்டது. ஜெஃபர்சனே தன் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1787-ல் அந்த முரண் சட்டமாகவே இறங்கியது. அடிமைகளையும் மக்கள்தொகையில் முழுசாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டது தெற்கு. வாக்குரிமை கொடுக்கவா? இல்லை, தங்களுக்குக் கூடுதல் இடம் வாங்க. ஐந்தில் மூன்று பங்கு என்று பேரம் படிந்தது. இதனால் தெற்கு மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபையிலும் அதிபர் தேர்தலிலும் பல பத்தாண்டுகளுக்குக் கூடுதல் பலம் கிடைத்தது. 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடுக்கக் கூடாது. தப்பி ஓடியவரைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும். இத்தனையும் உள்ளே இருக்கிறது, ஆனால் அடிமை என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை. ‘மற்ற ஆட்கள்’, ‘வேலைக்குக் கட்டுப்பட்டவர்’ என்று சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள். எழுதக் கூசியவர்கள் செய்யக் கூசவில்லை.

சுயாட்சி என்ற கருத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் முதல் மூன்று சொற்கள் உண்டே, ‘வீ த பீப்பிள்’ (மக்களாகிய நாம்), அதற்கும் ஒரு பின்கதை இருக்கிறது. முந்தைய வரைவில் ‘நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ்…’ என்று 13 மாநிலங்களின் பெயரையும் வரிசையாக எழுதி, ‘இவற்றின் மக்களாகிய நாம்’ என்றுதான் இருந்தது. ஆனால் 9 மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்று முடிவான பிறகு, எந்த 9 என்று யாருக்குத் தெரியும்? ஆக, நடைத்திருத்தக் குழுவில் கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது அவர் பெயர், பதவி அல்ல) அதை ‘ஐக்கிய மாநிலங்களின் மக்களாகிய நாம்’ என்று மாற்றினார். நடைமுறைச் சிக்கலைத் தீர்த்த அந்த மாற்றம், அதிகாரம் மாநிலங்களிடமிருந்து வரவில்லை, மக்களிடமிருந்து நேரடியாக வருகிறது என்ற கொள்கையாகவும் ஆகிவிட்டது.

வாஷிங்டன் போகும்போது தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வட்டமான கூடம், மங்கலான வெளிச்சம். பிரகடனத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்; அவ்வளவு வெளிறிப்போயிருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் முப்பது சொச்சம் வருடம் அதை ஒரு ஜன்னலுக்கு எதிரே வெளிச்சம் படும்படி மாட்டி வைத்திருந்தார்கள். அரசியலமைப்பின் நான்கு தாள்கள் நன்றாகவே படிக்க வருகின்றன. அதை அழகாக எழுதிக் கொடுத்தவர் ஜேக்கப் ஷாலஸ் என்ற எழுத்தர். கூலி 30 டாலர். கடைசித் தாளில் கையெழுத்துகளுக்குப் பக்கத்தில், எந்தத் தாளில் எந்த வரியில் எந்தச் சொல்லை இடையில் செருகியிருக்கிறது என்று ஒரு பிழைதிருத்தக் குறிப்பு இருக்கும். நம் ஊரில் கிரயப் பத்திரத்தின் முடிவில் அடித்தல் திருத்தல் விவரம் எழுதுவார்களே, அச்சு அசல் அதேதான். பென்சில்வேனியா என்ற பெயரில் ஓர் எழுத்து குறைந்திருப்பதையும் கவனியுங்கள்.

அடிப்படைக் கொள்கைகள் என்று தேர்வுப் பட்டியலில் வருபவற்றில் மூன்றைப் புரிந்துகொண்டால் போதும். முதலாவது, சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நடத்துவது அதிபர், தீர்ப்பது நீதிமன்றம். இந்தியாவில் பிரதமர் நாடாளுமன்ற உறுப்பினர். இங்கே அதிபரின் அமைச்சரவையில் இருப்பவர் காங்கிரசில் உறுப்பினராக இருக்க முடியாது. இரண்டாவது, அந்தக் கோட்டை அவ்வளவு கறாராகப் போட்டுவிட்டு, ஒருவர் வேலையில் மற்றவர் கையை நுழைக்கவும் வழி வைத்தார்கள். அதிபர் மசோதாவைத் தடுக்கலாம். இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அந்தத் தடையைத் தாண்டலாம். அதிபர் மீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டலாம்; நீக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868-ல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். ஓர் அதிபர்கூட இதுவரை இந்த வழியில் பதவி இழந்ததில்லை.

மூன்றாவது, மைய அரசுக்கு எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டும்தான், மீதி மாநிலங்களுக்கோ மக்களுக்கோ என்பது. இந்தியாவில் மிச்ச அதிகாரம் மையத்துக்குப் போகும், இங்கே தலைகீழ். உங்கள் ஓட்டுநர் உரிமத்தையும் திருமணச் சான்றிதழையும் மாநிலமோ கவுன்ட்டியோதான் (நம் மாவட்டம் போன்றது) தருகிறது என்பதை யோசித்தால் விளங்கிவிடும்.

ஒரு சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் தள்ளலாம் என்பது அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவே இல்லை. 1803-ல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதை நிலைநாட்டினார். வேடிக்கை என்னவென்றால், வில்லியம் மார்பரிக்குச் சேர வேண்டிய நியமனப் பத்திரத்தை, பழைய ஆட்சியின் கடைசி நாள்களில் வெளியுறவு அமைச்சராக இருந்து, முத்திரை வைத்தும் கொண்டுசேர்க்காமல் விட்டவரே இந்த மார்ஷல்தான். தன் குளறுபடிக்குத் தானே நீதிபதி. மார்பரிக்கு உரிமை உண்டு, ஆனால் இந்த நீதிமன்றத்துக்கு நேரடியாக வர வழிசெய்த சட்டமே செல்லாது என்று தீர்ப்பு. மனுதாரருக்குப் பதவி கிடைக்கவில்லை, நீதிமன்றத்துக்கு இருப்பதிலேயே பெரிய அதிகாரம் கிடைத்தது.

உரிமைகள் சாசனத்துக்கு வருவோம். மாநாட்டில் கையெழுத்திட மறுத்த ஜார்ஜ் மேசனின் முக்கியக் குறை, உரிமைகளின் பட்டியல் இதில் இல்லையே என்பது. பல மாநிலங்கள் அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டுதான் அரைமனதாக ஒப்பின. நியூயார்க்கில் 30-க்கு 27. ரோட் ஐலண்ட் 1790 மே மாதம் வரை இழுத்தடித்து 34-க்கு 32 என்று சேர்ந்தது. அப்போது வாஷிங்டன் அதிபராகி ஒரு வருடம் தாண்டிவிட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் 1789-ல் திருத்தங்களைக் கொண்டுவந்தார். காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பியது 12. 1791 டிசம்பரில் தேறியது 10. ஆவணக் காப்பகத்தில் இருக்கும் மூலத் தாளில் இன்றும் 12-தான் இருக்கும். பேச்சுரிமை, மதச் சுதந்திரம் எல்லாம் அதில் மூன்றாவது. மிக முக்கியம் என்பதால் முதலில் வைத்தார்கள் என்று மேடையில் பேசுவார்களே, அது தற்செயல். அந்த 12-ல் இரண்டாவதாக இருந்த திருத்தம், காங்கிரஸ் உறுப்பினர்கள் சம்பளத்தைக் கூட்டிக்கொண்டால் அடுத்த தேர்தல் முடிந்தபின்தான் அது நடப்புக்கு வர வேண்டும் என்பது, தூங்கிக்கொண்டே கிடந்தது. 1982-ல் டெக்சாஸில் ஒரு கல்லூரி மாணவர் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று கட்டுரை எழுதி, ‘சி’ மதிப்பெண் வாங்கி, கோபத்தில் மாநிலம் மாநிலமாகக் கடிதம் போட ஆரம்பித்தார். 1992-ல் அது 27-ம் திருத்தமாக நிறைவேறியது.

அந்தப் பத்துத் திருத்தங்களிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அவை மைய அரசைத்தான் கட்டுப்படுத்தின. பால்டிமோர் நகராட்சி செய்த வேலைகளால் மணல் சேர்ந்து தன் படகுத்துறை பாழாகிவிட்டது என்று வழக்குப் போட்டவரிடம், ஐந்தாம் திருத்தம் மாநிலங்களுக்குப் பொருந்தாது என்று 1833-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1857-ல், விடுதலை கேட்ட அடிமை ட்ரெட் ஸ்காட்டின் வழக்கில், கறுப்பர் எவரும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்றது. உள்நாட்டுப் போர் நடந்து, லட்சக்கணக்கானோர் செத்த பிறகு மூன்று திருத்தங்கள் வந்தன. அவற்றில் 1868-ன் 14-ம் திருத்தம்தான் என் கணக்கில் இரண்டாவது அரசியலமைப்பு. இங்கே பிறந்தவர் குடிமகன். எந்த மாநிலமும் முறையான சட்ட நடைமுறை இன்றி யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது. எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு. பிரகடனத்தின் ‘சமம்’ என்ற சொல் சட்டத்துக்குள் நுழைய 92 வருடம் ஆனது. நுழைந்த பிறகும் அமலுக்கு வர இன்னொரு நூற்றாண்டு. ஃப்ளோரிடா சிறையிலிருந்து கிடியன் என்ற ஏழைக் கைதி பென்சிலால் எழுதிப்போட்ட மனுவில்தான், குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாநில நீதிமன்றமும் வக்கீல் தர வேண்டும் என்று 1963-ல் தீர்ப்பானது.

உங்களுக்கு நெருக்கமான ஒரு வழக்கும் இதில் உண்டு. 14-ம் திருத்தம் பிறந்தவர்களுக்கு. வெளியிலிருந்து வருகிறவருக்கு யார் குடியுரிமை பெறலாம் என்பதைக் காங்கிரஸ் தீர்மானிக்கும். 1790-ல் போட்ட சட்டம் ‘சுதந்திரமான வெள்ளையர்’ என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்த பகத் சிங் திந்த், 1918-ல் சீருடையோடு குடியுரிமை வாங்கினார். நான்கே நாளில் பறித்தார்கள். 1920-ல் மறுபடி வாங்கினார். சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் இவர் வெள்ளையர் அல்லர் என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அதுவும் போனது. போர் வீரர்களுக்கான தனிச் சட்டத்தின்கீழ் 1936-ல் மூன்றாம் முறை வாங்கினார், அது நிலைத்தது. மற்ற இந்தியர்களுக்கு 1946-ல்தான் வழி திறந்தது. அதற்கு முன்பு நீங்கள் வந்திருந்தால் இந்தத் தேர்வை எழுதவே விட்டிருக்க மாட்டார்கள்.

தேர்வறைக்கு ஒரே ஒரு யோசனை. பிரகடனம் எப்போது ஏற்கப்பட்டது என்று கேட்டால் ஜூலை 2, ஆகஸ்ட் 2, ஆடம்ஸ் கடிதம் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெரியவர் ஆர்வக் கோளாறில் ஆரம்பித்துவிட்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். 1776 ஜூலை 4 என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.